பணம் வரும் வாயில்

தம்பி!

நூல் நம்முடையது அல்ல, மில்லுடையது. பாவு நம்முடையது அல்ல, பார்ட்டியுடையது. துணியை நெய்வது நாம். அதற்கு விலை வைப்பவர் வேறொருவர். சட்டையைத் தைப்பது நாம். அதன் கழுத்திலே தொங்கும் சீட்டில் இருப்பதோ கடல் கடந்த கம்பெனியின் பெயர். உழைப்பைக் கொடுத்துவிட்டு, கூலி எப்போது வரும், பில் எப்போது தீரும் என்று வாயிலைப் பார்த்தபடி நிற்பதே வாழ்க்கையாகிவிட்ட ஊர்கள் எத்தனை எத்தனை! அவற்றில் ஒன்று மங்கலம்.

திருப்பூரிலிருந்து சோமனூர் செல்லும் சாலையிலே, நொய்யலை ஒட்டிய ஊர். ஒரு தெருவில் விசைத்தறியின் ஓசை. அடுத்த தெருவில் பனியன் தைக்கும் பவர் டேபிளின் ஓசை. ஓசை இருந்தால் உலை கொதிக்கும். ஓசை நின்றால் உள்ளம் கொதிக்கும். 2025 மார்ச்சில் கூலி உயர்வு கேட்டுக் கோவை, திருப்பூர் மாவட்டங்களின் கூலித் தறிகள் நின்றன. அதே ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று இந்தியச் சரக்கின் மீதான சுங்கத்தை அமெரிக்கா 50 விழுக்காடாக உயர்த்தியது. வாஷிங்டனிலே ஒருவர் கையெழுத்துப் போட்டார். திருப்பூரிலே ஆர்டர்கள் ஆட்டம் கண்டன. நம் அடுப்பின் நெருப்பு எவர் கையில் இருக்கிறது, பார்த்தாயா!

இந்த நிலையிலேதான் மங்கலத்திலும் பல்லடத்திலும் அவிநாசியிலும் இளைஞர் உள்ளத்தில் ஓர் எண்ணம் முளைக்கிறது. "எவர் பெயரிலோ ஏன் தைக்க வேண்டும்? என் பெயரில் தைத்தால் என்ன? காதர்பேட்டைக்கு மூட்டை கட்டி அனுப்பி, அவர்கள் சொல்லும் விலைக்குத் தலையாட்டுவதற்குப் பதில், கைப்பேசியிலே கடை விரித்து, சென்னையிலும் மதுரையிலும் இருப்பவருக்கு நானே நேரில் விற்றால் என்ன?"

நல்ல எண்ணம். நாலு பேர் நகைத்தாலும் நல்ல எண்ணம்.

கடை விரிப்பது கடினமில்லை. பனியனைப் படம் எடுக்கலாம். அளவை எழுதலாம். விலையைப் போடலாம். தெரிந்தவரைக் கொண்டு இணையத்திலே ஒரு பக்கம் அமைத்துக்கொள்ளலாம். எல்லாம் முடிந்த பிறகு ஒரு கேள்வி எழுந்து வழியை மறிக்கிறது: விற்ற சரக்குக்குப் பணம் எப்படி வரும்?

"அது கம்ப்யூட்டர் தெரிந்த பையன் பார்த்துக்கொள்ளும் வேலை" என்று ஒதுக்கிவிடுவோர் உண்டு. தவறு, தம்பி, பெருந்தவறு! வள்ளுவர் பொருள் செயல்வகைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். பொருள் வருகிற வழியை அறியாமல் கடை நடத்துபவன், பெயர்ப்பலகையில் முதலாளி, பெட்டியடியில் கூலியாள்தான்.

தொலைவில் இருப்பவரிடம் பணம் வாங்குவது நமக்குப் புதிதல்ல. 1880 முதலே இந்திய அஞ்சல் துறையில் மணியார்டர் உண்டு. வி.பி.பி. என்று ஒன்றும் இருந்தது: பொட்டலத்தைக் கொண்டுவரும் தபால்காரர் கையிலே பணம் கொடுத்தால்தான் பொட்டலம் கிடைக்கும். 2007-ல் தொடங்கிய பிளிப்கார்ட், 2010-ல் "சரக்கு வந்த பிறகு காசு கொடுங்கள்" என்று அறிவித்ததே, அது வி.பி.பி.யின் பேரப்பிள்ளை! முகம் தெரியாத கடையை மக்கள் நம்பத் தொடங்கியதில் அந்த ஏற்பாட்டுக்குப் பங்கு உண்டு. மறுக்கவில்லை.

ஆனால் பெரிய கம்பெனிக்கு ஏற்றது சிறிய கடைக்கும் ஏற்றதா? வாங்குபவர் ஆர்டர் போடுகிறார். பொட்டலம் மங்கலத்திலிருந்து மதுரைக்குப் போகிறது. வாயிற்படியில் நின்றவர் "வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறார். ஒரே சொல்! போன கூரியர் கூலியும் உன் தலையில். திரும்பி வந்த கூலியும் உன் தலையில். கசங்கி வந்த பனியனும் உன் கையில். பத்துப் பொட்டலத்தில் மூன்று இப்படித் திரும்பினால், மற்ற ஏழின் ஆதாயம் எங்கே நிற்கும்? கோடி உள்ளவர் தாங்குவர். கூலிக்குத் தைத்துச் சேர்த்த காசு தாங்குமா?

ஆகவே முன்பணம். சரக்கு புறப்படுமுன் பணம். அதற்கு இன்று வழி இருக்கிறது.

முதல் வழி, எல்லோரும் அறிந்தது. 2016-ல் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் யு.பி.ஐ.யைக் கொண்டுவந்தது. பெட்டிக்கடையில், பேக்கரியில், இளநீர்க் கடையில் தொங்குகிறதே கட்டம் போட்ட க்யூ.ஆர். அட்டை, அதுதான். இணையக் கடை தொடங்குவோர் பலர் அந்தப் படத்தையே வாட்ஸ்அப்பில் அனுப்பி, "பணம் போட்டுவிட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள்" என்கிறார்கள். நாளைக்கு ஐந்து ஆர்டர் வரும்வரை அது போதும். ஐம்பது வந்தால்? எந்தப் பணம் எவருடையது என்று தேடுவதற்கே ஓர் ஆள் வேண்டும். வந்த ஸ்கிரீன்ஷாட் உண்மையா, எவனோ வரைந்த ஓவியமா? வங்கிக் கணக்கைத் திறந்து பார்க்காமல் பொட்டலத்தை அனுப்பாதே! இன்னொன்றும் கேள். "உங்களுக்குப் பணம் அனுப்ப வேண்டும், பின் எண்ணைப் போடுங்கள்" என்று எவனாவது சொன்னால் அவன் வாடிக்கைக்காரன் அல்ல, வழிப்பறிக்காரன். பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. கொடுப்பதற்குத்தான் பின் எண்.

இரண்டாவது வழி, கடைப் பக்கத்திலேயே பணம் வாங்கும் வாயிலைப் பொருத்துவது. பேமெண்ட் கேட்வே என்கிறார்கள். நாம் பணவாயில் என்போம். வாங்குபவர் பொத்தானை அழுத்துகிறார். யு.பி.ஐ.யோ, அட்டையோ, நெட் பேங்கிங்கோ, அவர் விருப்பம். அவருடைய வங்கி பணத்தைக் கழிக்கிறது. இந்த ஆர்டருக்கு இந்தப் பணம் என்று கணக்கு தானே பொருந்திக்கொள்கிறது. நடுராத்திரியில் நீ உறங்கினாலும் கல்லா விழித்திருக்கிறது.

விந்தைதான்! ஆனால் கவனி: அந்தப் பணம் நேரே உன் கைக்கு வருவதில்லை. நடுவிலே ஒருவர் நிற்கிறார். பேமெண்ட் அக்ரிகேட்டர் என்பது அவர் பெயர். பல கடைகளின் பணத்தை வாங்கி, பிரித்து, அவரவர் கணக்குக்கு அனுப்புவது அவர் தொழில்.

நடுவிலே ஒருவர் என்றதும் நம் ஊர்க்காரனுக்கு நெஞ்சு திடுக்கிடும். திடுக்கிடாதா? நடுவில் நின்றவர்களிடம் பட்டவர்கள் அல்லவா! தறிக்கூலிக் குடும்பம் ஒன்றை மனக்கண்ணில் நிறுத்திப் பார். மகள் கடை தொடங்குகிறாள், தகப்பனார் கேட்கிறார்:

"ஏன் அம்மிணி, நம்ம பணத்த அவன் எதுக்கு வாங்கி வெச்சுக்கோணும்?"

"அவுங்க வெச்சுக்கறதில்லீங்க அப்பா. தனிக் கணக்குல இருக்கும். ரெண்டு நாள்ல நம்ம கணக்குக்கு வந்துருமுங்க."

"இப்படித்தான் ஒருத்தன் பாவு குடுத்துட்டு, அடுத்த வாரம் கூலின்னான். மூணு மாசமாச்சு. கம்பெனியப் பூட்டிட்டே போயிட்டான். இவன் ஓடிப் போயிட்டா?"

மகளுக்குக் கணினி தெரியும்; தகப்பனுக்குக் காலம் தெரியும். அவர் கேட்ட கேள்வியை அறியாமை என்று தள்ளாதே. அந்தக் கேள்வியைத்தான் ரிசர்வ் வங்கியும் கேட்டது! 2020 மார்ச் 17 அன்று அது வகுத்த விதிகள் என்ன சொல்கின்றன? இந்தத் தொழிலைச் செய்ய வங்கியல்லாத கம்பெனி ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற வேண்டும். விண்ணப்பிக்கும்போதே 15 கோடி ரூபாய் நிகர மதிப்பு வேண்டும். அதை 25 கோடியாக உயர்த்த வேண்டும். கடைக்காரர்களின் பணத்தைத் தன் பணத்தோடு கலக்காமல், வங்கியிலே எஸ்க்ரோ என்னும் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். 2025 செப்டம்பரில் இவ்விதிகளெல்லாம் ஒரே தொகுப்பாக்கப்பட்டன.

விதி ஏட்டோடு நின்றதா? இல்லை. 2022 டிசம்பரில் ரேசர்பே, கேஷ்ஃபிரீ போன்ற பெரிய கம்பெனிகளிடமே, புதிய கடைக்காரர்களைச் சேர்ப்பதை நிறுத்துமாறு ரிசர்வ் வங்கி சொன்னது. ஓராண்டு கழித்து, 2023 டிசம்பரில்தான் அவற்றுக்கு இறுதி அனுமதி கிடைத்தது. ஆகவே நீ கேட்க வேண்டிய முதல் கேள்வி "கட்டணம் எவ்வளவு?" என்பதல்ல. "அனுமதி இருக்கிறதா?" என்பதே. அனுமதி பெற்றோர் பட்டியல் ரிசர்வ் வங்கியின் இணையத்தளத்தில் இருக்கிறது. பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

இரண்டாவது கேள்வி: பணம் எத்தனை நாளில் வரும்? இரண்டு வேலை நாள் என்பது பரவலான வழக்கம், ஒப்பந்தத்திலே எழுதியிருக்கும். இரண்டு நாள்! தம்பி, இந்தச் சொல்லின் அருமை நமக்கல்லவா தெரியும்! சிறுதொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் கொடு என்று 2006-லேயே சட்டம் வந்தது. கொடுத்தார்களா? கடைசியில் வருமான வரிச் சட்டத்திலே திருத்தம் கொண்டுவந்து, குறித்த நாளுக்குள் கொடுக்காத தொகையைச் செலவுக் கணக்கில் அந்த ஆண்டு காட்ட முடியாது என்று 2024 ஏப்ரலில் இறுக்க வேண்டியதாயிற்று. பில் போட்டுவிட்டுப் பல மாதம் நடந்த தகப்பனின் மகள், இரண்டு நாளில் பணத்தைப் பார்க்கிறாள் என்றால் அது சிறு செய்தியா? கந்துவட்டிக்காரனின் வாயிலில் நில்லாமல் அடுத்த நூலை வாங்குகிறாள் என்று பொருள்!

மூன்றாவது கேள்விதான் கட்டணம். அட்டை வழியே வரும் பணத்துக்கு 2 விழுக்காடு என்பது பல கம்பெனிகள் வெளிப்படையாகச் சொல்லும் கணக்கு. அந்தக் கட்டணத்தின் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 500 ரூபாய்க்கு விற்றால் கட்டணம் 10 ரூபாய், வரி 1 ரூபாய் 80 காசு. உன் கைக்கு வருவது 488 ரூபாய் 20 காசு. சிறிய தொகை என்று சிரிக்காதே. ஆயிரம் ஆர்டருக்கு அது 11,800 ரூபாய்! வங்கிக் கணக்கிலிருந்து நேராக வரும் யு.பி.ஐ.க்கும் ரூபே டெபிட் அட்டைக்கும் 2020 ஜனவரி 1 முதல் வணிகர் கட்டணம் கிடையாது. ஆனால் "மேடைக் கட்டணம்", "சேவைக் கட்டணம்" என்று வேறு பெயர் சூட்டிக்கொண்டு அது திரும்பி வரக்கூடும். பெயர் மாறினால் பை நிறையுமா? எதற்கு எவ்வளவு என்று எழுத்திலே கேட்டு வாங்கு. விலை வைக்கும்போதே அதையும் சேர்த்துக் கணக்கிடு.

இனி, அவர்கள் உன்னிடம் கேட்பது. பான் அட்டை, அடையாளச் சான்று, தொழிலின் பெயரில் நடப்புக் கணக்கு, தொழில் நடக்கிறது என்பதற்குச் சான்று. உத்யம் பதிவு அந்தச் சான்றாகப் பயன்படும். 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள அந்தப் பதிவுக்குக் கட்டணமே இல்லை. காசு கேட்பவன் தரகன். கடைப் பக்கத்திலே பொருளைத் திருப்பித் தரும் விதியும், பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பதும் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். அது இல்லாமலே விண்ணப்பம் போட்டுவிட்டு, "நிராகரித்துவிட்டார்களே" என்று நெஞ்சில் அடித்துக்கொள்வோர் பலர்.

ஜி.எஸ்.டி. பதிவு வேண்டுமா? சரக்கைத் தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றால், ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும் வரை கட்டாயமில்லை. ஆனால் பெங்களூருக்கு ஒரே ஒரு பனியன் அனுப்பினாலும் பதிவு கட்டாயம். எல்லையில்லாத கடை என்று எண்ணித் தொடங்குகிறோம்; வரிச் சட்டத்துக்கு ஓசூரிலே எல்லை இருக்கிறது! 2025 செப்டம்பர் 22 முதல், ஒன்று 2,500 ரூபாய் வரையுள்ள ஆடைக்கு வரி 5 விழுக்காடு.

"பதிவெல்லாம் எதற்கு, வீட்டுக் கணக்கிலேயே வாங்கிக்கொள்கிறேன்" என்கிறாயா? 2025 ஜூலையில் கர்நாடகத்தில் நடந்ததை நினைத்துப் பார். சிறு வியாபாரிகளின் யு.பி.ஐ. வரவைக் கூட்டிப் பார்த்து வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூரிலே கடைகளில் க்யூ.ஆர். அட்டை இறங்கியது, "ரொக்கம் மட்டும்" என்ற பலகை ஏறியது. முதலமைச்சர் சித்தராமையா வியாபாரிகளை அழைத்துப் பேசி, பழைய பாக்கியைக் கேட்க மாட்டோம் என்று சொன்ன பிறகே கொந்தளிப்பு அடங்கியது. வீட்டுக்கு வந்த மொய்ப்பணமும் கடைக்கு வந்த விற்பனைப் பணமும் ஒரே கணக்கில் கலந்து கிடந்தால், பிரித்துக் காட்டும் சுமை உன் தோளில். கடைக்குத் தனிக் கணக்கு. வீட்டுக்குத் தனிக் கணக்கு. முதல் நாளிலிருந்தே!

இன்னோர் இடி இருக்கிறது. எங்கோ ஒருவன் எவரையோ ஏமாற்றிப் பணம் பறிக்கிறான். அந்தப் பணத்திலே உன் கடையில் பனியன் வாங்குகிறான். ஏமாந்தவர் 1930 என்ற எண்ணில் புகார் செய்கிறார். பணம் போன தடத்தைக் காவல் துறை தொடர்கிறது, தடம் உன் கணக்கில் வந்து முடிகிறது, கணக்கு முடக்கப்படுகிறது. 300 ரூபாய்ப் புகாருக்கு மூன்று லட்சம் முடங்கினால், குற்றமற்றவன் கூலி கொடுப்பது எப்படி? கேரளத்தில் வணிகர்கள் இப்படித் தவித்தார்கள். 2023-ல் கேரள உயர் நீதிமன்றம், புகாரில் உள்ள தொகையை மட்டும் நிறுத்தி வைக்கச் சொன்னது. நீதியான தீர்ப்பு! நம் கையிலே இருக்க வேண்டியது ஆதாரம்: பில், கூரியர் ரசீது, வாங்கியவர் முகவரி. "எனக்குச் சரக்கு வரவில்லை" என்று வங்கியில் பொய்ப் புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்பக் கேட்பவனுக்கும் அந்தக் காகிதங்கள்தான் பதில்.

கடைக்காரனின் கடமையும் உண்டு. சரக்கு பிடிக்காமல் திருப்பினால், பணம் எந்த வழியில் வந்ததோ அந்த வழியிலேயே திரும்ப வேண்டும். வாங்கியவரே வேறு வழிக்கு ஒப்பினாலொழிய மாற்றக் கூடாது. வாங்குபவரின் அட்டை எண்ணைக் கடையிலே சேமித்து வைப்பதற்கு 2022 அக்டோபர் 1 முதல் அனுமதி இல்லை. அவர் கணக்கில் பணம் கழிந்து, உன் கடைக்குச் செய்தி வராமல் போனால், ஐந்து நாளுக்குள் அது தானே அவருக்குத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு என்பது 2019-ல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. பதறி வருபவரிடம் இதைப் பக்குவமாய்ச் சொல். பத்துப் பேருக்கு உன் கடையைப் பற்றி அவரே சொல்வார்.

முடிவாக ஒரு பாடம். ஒரே வாயிலை நம்பாதே! 2020 மார்ச் 5 அன்று யெஸ் வங்கியின் மீது கட்டுப்பாடு விழுந்தது. அதை நம்பி நடந்த போன்பே, மறுநாள் செயலற்று நின்றது. 2024 ஜனவரி 31 அன்று பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கியின் மீது ரிசர்வ் வங்கி நடவடிக்கை எடுத்தது. அந்த வங்கியில் பணம் வாங்கிவந்த கடைக்காரர்கள், மார்ச் 15-க்குள் வேறு வங்கிக்கு மாற வேண்டியதாயிற்று. யானை சாய்ந்தால் அதன் நிழலில் நின்ற எறும்புக்கும் ஆபத்து. பணவாயில் ஒன்று இருக்கட்டும். வேறொரு வங்கியின் க்யூ.ஆர். இன்னொன்றும் இருக்கட்டும். ஒரு மதகு அடைபட்டால் மறு மதகில் நீர் பாயட்டும்.

ஆட்சி நடத்துவோரிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. 2023 செப்டம்பரில், பேச்சாலேயே பணம் அனுப்பும் யு.பி.ஐ. வசதியை அறிமுகப்படுத்தினார்கள். முதலில் எந்த மொழி? இந்தியும் ஆங்கிலமும்! மற்ற மொழிகள் பின்னர் வருமாம். காசு கொடுப்பதிலே கடைசி வரிசை இல்லாத தமிழனுக்கு, காசைப் பற்றிய விளக்கத்திலே மட்டும் கடைசி வரிசையா? இருபது பக்க ஒப்பந்தத்தை ஆங்கிலத்திலே நீட்டி, "ஒப்புக்கொள்கிறேன்" என்ற பொத்தானை அழுத்தச் சொல்வது ஒப்பந்தமா, ஒப்புக்கு ஒரு சடங்கா? ஒப்பந்தம் தமிழிலும் வேண்டும். விண்ணப்பத்தை நிராகரித்தால் காரணம் எழுத்திலே வேண்டும். புகார்த் தொகைக்கு மேல் ஒரு காசும் முடக்கக் கூடாது என்ற முறை, நீதிமன்றப் படியேற முடியாதவனுக்கும் கிடைக்க வேண்டும். சலுகை கேட்கவில்லை, தம்பி; கணக்கு கேட்கிறோம்.

மங்கலத்துத் தறிக்கும் தையலுக்கும் திறமை குறைவென்று எவரும் சொன்னதில்லை. குறைந்தது திறமை அல்ல. விலை சொல்லும் உரிமை, வரவைக் காணும் உரிமை. இன்று அந்த உரிமைக்கு ஒரு சிறு கதவு திறந்திருக்கிறது. அது எவரும் போட்ட பிச்சையல்ல. பார்த்து நடந்தால் பயன், பாராமல் நடந்தால் பள்ளம். அனுமதியைக் கேள். கட்டணத்தைக் கேள். நாளைக் கேள். கணக்கைப் பிரி. காகிதத்தைக் காப்பாற்று. பிறகு துணிந்து கடையைத் திற!

நெய்த கை விலை சொல்லட்டும். தைத்த கை கணக்கு எழுதட்டும்.